ஆணையிடாத தலைவர்

கெம்பசந்திரம் ஊராட்சியின் கூட்டப் பதிவில் 1968ஆம் ஆண்டு ஆவணி மாத நிகழ்ச்சி ஒன்று ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: ‘இடைத்தேர்தலில் வெற்றி பெற்ற திரு. தி. ஜெபராஜ் உறுதிமொழி ஏற்றுத் தலைவர் பொறுப்பில் அமர்ந்தார்.’ சட்டத்துக்கு அவ்வளவு போதும். ஊருக்குப் போதவில்லை. எந்த வாசகத்தைச் சொல்லி அமர்ந்தார் என்பதே அங்கே பேச்சாயிற்று. அந்தப் பேச்சு ராயக்கோட்டைச் சாலை வழியே உத்தனப்பள்ளிச் சந்தைவரை போயிற்று. அதன் பாரம் முழுவதும் வந்து இறங்கியது ஜெபராஜின் மனைவி மேரிராணியின் தலையில்.

பதவியேற்பு நடந்தது பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில். ஒன்றிய அலுவலகத்திலிருந்து விரிவாக்க அலுவலர் ஒருவர் வந்திருந்தார். ஆண்கள் முன்னால் நின்றார்கள். பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மேரிராணி மகள் அருள்செல்வியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கணவரின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்துத் தேய்த்த சட்டைதான். ஆனாலும் கழுத்துப் பட்டியின் மடிப்பில் ராகி மாவு ஒட்டியிருந்தது. மாவு மில் வைத்திருப்பவரின் துணியில் மாவு இல்லாமல் செய்வது, கல்யாணமான நாளிலிருந்து அவள் தோற்றுக்கொண்டே வந்த போராட்டம்.

அலுவலர் தாளை எடுத்தார். “இதுல ரெண்டு விதமா இருக்குங்க. ஒண்ணு, ஆண்டவன் பேரால ஆணையிடறது. இன்னொண்ணு, உளமார உறுதி கூறறது. உங்களுக்கு எது?”

“ரெண்டும் சட்டப்படி சரிதானுங்களா?” என்று ஜெபராஜ் கேட்டார்.

“சரிதான். எதைச் சொன்னாலும் நாற்காலி ஒண்ணுதான்.”

கூட்டம் சிரித்தது. பதில் என்னவாக இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர், காலையில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றும் முன் கண்ணை மூடி நிற்கிறவர், கிறிஸ்துமஸ் பவனியில் பாட்டெடுத்துக் கொடுக்கிறவர், வேறு எதைச் சொல்வார்?

ஜெபராஜ் தாளை வாங்கிக்கொண்டார். “உளமார உறுதி கூறுகிறேன்” என்று தொடங்கி, மீதியைத் தடங்கலில்லாமல் படித்து முடித்தார்.

மரத்தில் காகம் கத்தியது கேட்டது. பிறகு, ஆவணி வெயிலிலும் கறுப்புச் சட்டை போட்டிருந்த ஒருவர் முன்வரிசையிலிருந்து துள்ளி வெளியே வந்து கை தட்டினார். அவர் மாதப்பன், சைக்கிள் கடைக்காரர், ஊரில் பகுத்தறிவு மன்றம் ஒன்றை ஆறேழு பேரோடு நடத்தி வந்தவர்.

“அப்பிடிப் போடுங்க! தலைவர்னா இவரு தலைவரு!” என்று கூவிக்கொண்டே போய், தம் தோள் துண்டையே ஜெபராஜின் கழுத்தில் மாலையாகப் போட்டார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த நஞ்சம்மா மேரிராணியின் தொடையில் இடித்தாள். மில்லுக்குத் தினம் வருகிறவள். பேச்சில் கன்னடமும் தமிழும் கலந்து ஓடும். “ஏன்டி மேரி, உங்க ஊட்டுக்காரரு சாமிய உட்டுட்டாரா? சிவனே! ஏனாயித்து, என்னாச்சு அவருக்கு?”

மேரிராணிக்குக் காரணம் தெரியும். அந்தக் காரணத்தை அவர் தாமாக வாய் திறந்து எவரிடமும் சொல்லமாட்டார் என்பதும் தெரியும்.

*

ஜெபராஜின் தகப்பன் திம்மராயன் பிறர் நிலத்தில் கூலி செய்தவர். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் பழைய பெயரோடுதான் இருந்தார். தாய் ஜோதியம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆலயத்தில் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்கிறவள். ஆண்டவர் மலைமேல் உட்கார்ந்து ஜனங்களுக்குச் சொன்னவற்றில், எதன் பேராலும் சத்தியம் செய்யக் கூடாது என்பதும் ஒன்று என்று உபதேசியார் சொல்லக் கேட்டாள். அன்றைக்கு விட்டதுதான், ‘அம்மாவாணை’ என்றுகூட அவள் வாயில் பிறகு வந்ததில்லை.

அந்தப் பக்கத்தில் இது எளிய காரியமன்று. ஆடு காணாமல் போனாலும், வரப்பு நகர்ந்தாலும், வழக்கு முடிவது மாரியம்மன் கோயில் வாசலில்தான். கல்லின்மேல் கற்பூரம் ஏற்றுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘நான் செய்யவில்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் வழக்குத் தீர்ந்தது. செய்யாதவன் ஒன்று திருடன், அல்லது சாமிக்குப் பயப்படாதவன். மூன்றாவது வகை மனிதன் ஒருவன் இருக்கக்கூடும் என்பது ஊரின் நினைப்பிலேயே இல்லை.

ஜெபராஜ் சிறுவனாக இருந்தபோது பண்ணை வீட்டில் பித்தளைக் குடம் ஒன்று காணாமல் போயிற்று. கூலியாட்கள் அனைவரும் வரிசையாகக் கற்பூரத்தை அணைத்தார்கள். ஜோதியம்மாள் முறை வந்தபோது, “நான் எடுக்கல. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்று நின்றாள். அந்த அறுப்புக்கு அவர்களுக்கு வேலை இல்லாமற்போயிற்று. குடும்பம் பெங்களூருக்குப் பிழைக்கப் போனது. அடுத்த கோடையில் பண்ணைக் கிணற்றைத் தூர்வாரியபோது குடம் சேற்றுக்குள் கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெங்களூருக்குப் போகிறவர் ஒருவரிடம் ஒரு முறம் ராகி மட்டும் கொடுத்தனுப்பினார்கள். தாய் அதை வாங்கிக் களி கிண்டினாள். “சூடா இருக்குது, ஊதித் தின்னுடா” என்றதோடு சரி.

பெங்களூரில் மாவு மில் ஒன்றில் வேலை பழகி, எஞ்சினின் குணம் தெரிந்து, பிறகு ஊர் திரும்பி ஜெபராஜ் சொந்தமாக மில் வைத்தார். கூலிக்காரன் மகன் கடை வைத்தால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத காலம் அது. ஆனால் ராகியை யாராவது அரைத்துத்தானே ஆக வேண்டும்? முதலில் தயங்கி வந்தார்கள். பிறகு சண்டை போட வந்தார்கள். சண்டை போட வருவதே ஊரில் ஒருவரை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

நஞ்சம்மாவின் சண்டை கிட்டத்தட்ட நித்திய பூசைபோல நடந்துவந்தது.

“ஏனப்பா இது? நான் போட்டது எவ்ளோ, வந்தது எவ்ளோ? மாவ நீ எடுத்த.”

“எடுக்கலம்மா.”

“சத்தியம் பண்ணு.”

“எடுக்கலம்மா.”

“உன் புள்ளமேல சத்தியம் பண்ணு.”

“எடுக்கலம்மா. தவிடு பறக்குது, கொறையத்தான் செய்யும்.”

“தூ, இவங்கிட்ட பேசறதும் எஞ்சின்கிட்ட பேசறதும் ஒண்ணு” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போவாள். மறுநாள் அதே மில்லுக்குத்தான் வருவாள். சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக இன்னொரு மில் வந்தது. அதன் சொந்தக்காரர் பத்து தெய்வங்களின் பெயரால் சத்தியம் செய்வார். நஞ்சம்மா அங்கே ஒரு முறை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

இடைத்தேர்தல் வந்ததும், இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் ஆளை ஒருவர் ஏற்காமல் இழுபறியாக நின்றார்கள். மில்காரரை நிறுத்தலாம் என்று முதலில் சொன்னது அரைக்க வந்த பெண்கள்தாம். “அவரு இல்லன்னா இல்ல, ஆமான்னா ஆமா. பைப்பு வருமா வராதான்னாவது தெரியும்” என்பது அவர்களுடைய கணக்கு. மேரிராணிக்கு இதில் விருப்பமில்லை. ஆனால் ஜெபராஜ் குடிநீர்க் குழாயை நினைத்து ஒப்புக்கொண்டார்.

*

பதவியேற்ற மூன்றாம் நாள் காலையில் மில் சுவரில் சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ‘கெம்பசந்திரத்தில் பகுத்தறிவுப் புரட்சி! கடவுளின் பெயரை மறுத்த தலைவர் ஜெபராஜுக்குப் பாராட்டு விழா!’ வெள்ளிக்கிழமை மாலை, ஒலிபெருக்கியோடு, மாதப்பன் தலைமையில்.

அன்று மாலையே போதகர் வந்தார். சபையார் போதகரை ‘ஐயர்’ என்று அழைப்பது வழக்கம். தேவசகாயம் ஐயர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். நல்ல மனிதர்; எளிதில் கலங்குகிறவர். மேரிராணி கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“என்ன காரியம்வே செஞ்சேரு?”

“சட்டத்துல ரெண்டும் இருக்குதுங்க, ஐயரே. சத்தியம் பண்ண மனசு வரல.”

“அது எனக்குத் தெரியாதா? உம்ம மனசும் தெரியும், ஆண்டவர் சொன்னதும் தெரியும். ஆனா அதிகாரி முன்னால சத்தியம் பண்ணலாம்னு நம்ம சபை ஒத்துக்கிட்டிருக்கே. நீரு என்ன சபையவிடப் பெரியவரோ?”

“இல்லீங்க. எங்கம்மா பண்ணல, நானும் பண்ணல.”

ஐயர் மோரைக் கீழே வைத்தார். “ஞாயித்துக்கிழமை பேராயர் வாராரு. உம்ம மகளுக்குத் திடப்படுத்துதல், தலையில கை வச்சுச் சபையில முழுசாச் சேர்க்கிற நாளு. அன்னைக்குத்தான் அவளுக்கு முதல் திருவிருந்து, முதல் தடவையா அப்பம் வாங்குதா. தகப்பனும் தாயும் பக்கத்துல முழங்கால்படியிடணும். அங்க சுவத்துல ‘கடவுளை மறுத்தவர்’னு உம்ம பேரு தொங்குது. மறுத்தவருக்கு அப்பம் கொடுத்தேன்னு சபை நாளைக்கு என்னைக் கேட்கும், பேராயரும் கேட்பாரு. நான் என்ன சொல்ல?”

“நான் மறுக்கலீங்களே.”

“அதைச் சபையில எல்லார் முன்னாலயும் சொல்லும். வேதாகமத்து மேல கை வச்சு, ‘நான் ஆண்டவரை மறுதலிக்கலை, இது சத்தியம்’னு ஒரு வாக்கியம். அவ்ளோதான். தீர்ந்தது.”

ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டார். சத்தியம் செய்யாததால் வந்த பழியைத் தீர்க்கச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள் என்பது மேரிராணிக்குச் சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

“முடியாதுங்க, ஐயரே” என்றார் ஜெபராஜ்.

“அப்ப அந்தப் பிள்ளை பக்கத்துல நீரு இருக்க முடியாதுவே” என்று எழுந்தார் ஐயர். அவர் குரலில் கோபமில்லை. வாசலில் நின்று அருள்செல்வியின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அன்றிரவு சாப்பிடும்போது அவள், “அப்பா பக்கத்துல இல்லன்னா நான் எப்ப எழுந்திருக்கணும்னு தெரியாது” என்று களியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒத்திகையின்போது ஐயர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்: தகப்பன் எழும்போது எழு.

*

மறுநாள் மில்லில் கூட்டமில்லாத நேரம் பார்த்து மேரிராணி தொடங்கினாள்.

“ஏங்க, ஒரு வார்த்த. ‘எங்க வேதத்துல சத்தியம் கூடாதுன்னு இருக்குது, அதான்’னு ஒரு வார்த்த ஊர்ல சொன்னா வாயிலேருந்து முத்தா உதிரும்?”

ஜெபராஜ் எஞ்சின் பெல்ட்டில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். “யாராச்சும் கேட்டா சொல்றேன்.”

“யாரும் கேக்கமாட்டாங்க. கேக்கறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டாங்க.”

“அப்ப நானா போயி என்னான்னு சொல்றது? ‘நான் ரொம்ப பக்திக்காரன், பாருங்க’ன்னா?” அவர் பெல்ட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “போன எலெக்ஷன்ல வந்தாரே, அந்தக் கைக்குட்டைய மறந்துட்டியா?”

மேரிராணி மறக்கவில்லை. முந்தைய ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் வந்தார். மாரியம்மன் கோயில் தெருவில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஜீப்பிலிருந்து இறங்கினார். பள்ளிவாசல் முக்கு வந்ததும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, அதே கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டார். ஆலயத்துக்கு வந்தபோது அதை அவிழ்த்துவிட்டு முழங்கால்படியிட்டுக் கண்ணை மூடினார். ‘எவ்வளவு பக்தி, பாருங்க’ என்று சபையில் சிலர் உருகினார்கள். ஜெபராஜ் பார்த்தது, அவர் பக்கத்தில் கிடந்த கைக்குட்டையின் சிவப்புக் கறையை. அந்த வேட்பாளர் தோற்றுப் போனதும் கோயிலுக்கும் வரவில்லை, பள்ளிவாசலுக்கும் வரவில்லை, ஆலயத்துக்கும் வரவில்லை.

“ஜெபம் பண்ணணும்னா கதவ மூடிட்டுப் பண்ணுன்னுதான் சொல்லியிருக்குது” என்றார் ஜெபராஜ். “மைக்கு வச்சுப் பண்ணுன்னு இல்ல.”

“பொண்ணு பக்கத்துல நீங்க இல்லாம நான் மட்டும் நிக்கணுமா?”

ஜெபராஜ் மெழுகை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். பதினெட்டு வருடத்தில் கணவர் இப்படி வேலையில் நிலைகொள்ளாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. அவருக்கும் அந்த ஞாயிறுதான் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அப்போது புரிந்தது. பிடிவாதக்காரர்மேல் கோபப்படலாம், வலியோடு பிடிவாதமாக இருப்பவரிடம் என்ன செய்வது?

ஆனால் அவர் சொன்னதில் ஒரு வாசல் திறந்தேயிருந்தது. கேட்டால் சொல்வார். அப்படியென்றால் யாரையாவது கேட்க வைத்தால் போதும். ஐயர் கேட்கமாட்டார், அவருக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும். நஞ்சம்மா கேட்டால் பதிலைக் காதில் வாங்குமுன் மூன்று பேரிடம் சொல்லிவிடுவாள். மேரிராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சைக்கிள் கடைக்குப் போனாள்.

மாதப்பன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “வாக்கா! வெள்ளிக்கெழமை நீயும் மேடைக்கு வரணும். தலைவரோட துணைவியாரு!”

“வர்றது இருக்கட்டும், தம்பி. விழா எடுக்கிறியே, அவரு ஏன் அப்பிடிச் சொன்னாருன்னு அவரக் கேட்டியா?”

“கேக்க என்னாக்கா இருக்குது? அறிவு வந்துச்சு, சொன்னாரு.”

“மேடையில ‘எதையும் ஏன்னு கேளு, கேக்காம நம்பாத’ன்னு தொண்ட கிழியக் கத்தறது நீதானே?”

மாதப்பனின் கை டியூபில் நின்றது.

“ஒரு தடவ கேளு. நான் அனுப்பிச்சேன்னு சொல்ல வேணாம்” என்று சொல்லிவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

*

சற்று நேரத்தில் மாதப்பன் மில்லுக்கு வந்தார். மேரிராணி உள்ளே சல்லடையில் மாவு சலிப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். சல்லடையில் மாவே இல்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஏன் ஆண்டவன் பேரச் சொல்லல?”

“கேட்டதால சொல்றேன், மாதப்பா. எங்க ஆண்டவரு சத்தியமே பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அவரு பேரால பண்ணா அது ரொம்பத் தப்பு. அதான் பண்ணல.”

“அப்ப சாமி இல்லைன்னு சொல்லல?”

“இல்லையே.”

“சாமி சொன்னதாலதான் சாமி பேரச் சொல்லல?”

“ஆமா.”

“அட போங்கண்ணே!” மாதப்பன் ராகி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். “சுவரொட்டி அடிச்சாச்சு. மைக் செட்டுக்குச் சொல்லியாச்சு. ஓசூர்லேருந்து பேச்சாளரு வர்றாரு. இப்பப் பாத்து இப்பிடிச் சொல்றீங்களே!”

“நீ இப்பதான கேட்ட?”

“முன்னாலயே சொல்லக் கூடாதா?”

“முன்னாலயே கேக்கக் கூடாதா?”

உள்ளே மேரிராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மாதப்பன் எழுந்தார். கறுப்புச் சட்டையின் பின்புறம் முழுதும் மாவு படிந்திருந்தது. “சரி, ஆனது ஆயிடுச்சு. இத நீங்க வெளிய சொல்லாதீங்க. மன்றத்து மானம் போயிடும்.”

“நானா போயிச் சொல்லமாட்டேன்” என்றார் ஜெபராஜ்.

மாதப்பன் வாசல்வரை போனார், திரும்பி வந்தார். “நெசமாவே சொல்லமாட்டீங்களா? ஊரு உங்களத் தப்பா பேசினாலும்?”

“சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன்.”

“உங்க ஐயரு ஞாயித்துக்கெழம சேத்துக்கமாட்டாராமே. நஞ்சம்மா சொல்லிச்சு.”

ஜெபராஜ் எஞ்சினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “அது எங்க ஊட்டு விசயம்.”

மாதப்பன் போன பிறகு மேரிராணி காலிச் சல்லடையைக் கீழே வைத்தாள். கேட்க வைத்தாயிற்று, அவரும் சொல்லியாயிற்று, ஆனால் சொன்னதை மாதப்பன் தன்னோடேயே மூடி வைத்துக்கொண்டால்? தான் போட்ட கணக்கு பாதியில் நின்றுவிட்டது என்று தோன்றியது. அவள் ஜெபம் செய்தாள். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவருக்காகத் தான் ஜெபம் செய்வது அதுதான் முதல் தடவை என்பதையும் நினைத்துக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை ஜெபராஜ் விழாவுக்குப் போகவில்லை. மில்லைச் சாத்திவிட்டு வீட்டிலேயே இருந்தார். ஒலிபெருக்கிக் குழாயை வேப்பமரத்தில் கட்டியிருந்ததால், போகாதவர்களும் போனவர்கள்தாம். மேரிராணி களி கிண்டிக்கொண்டே கேட்டாள். முதலில் ஓசூர்ப் பேச்சாளர் அடுக்குமொழியில் நீட்டி முழங்கினார். பிறகு மாதப்பன் பேச வந்தார்.

“தோழர்களே, தாய்மார்களே. பகுத்தறிவு என்பது கேள்வி கேட்பது. நான் கேட்காம சுவரொட்டி அடிச்சுட்டேன்.”

கூட்டத்தில் சலசலப்புக் கேட்டது.

“அப்புறம் கேட்டேன். மில்காரண்ணன் சாமி இல்லைன்னு சொல்லல. சாமி பேரால சத்தியம் பண்ணக் கூடாதுன்னு அவரு சாமியே சொல்லியிருக்குதாம். அதான் பண்ணலயாம். அந்தச் சாமி இருக்குதுன்னு நான் இப்பவும் ஒத்துக்கல, அது வேற. ஆனா அவரு நம்பறாரு. நம்ம தாலூக்காவுல கற்பூரத்த அணைச்சுட்டுப் பொய் சொல்றவன் எத்தன பேருன்னு உங்களுக்கே தெரியும். இந்த மனுசன் சத்தியமே பண்ணாம நெசம் பேசறாரு. தப்பா போட்டது நான்தான். பொய்ய வச்சுக் கூட்டம் சேக்கறது மத்தவங்க வேல. நம்ம வேல இல்ல.”

“அப்ப சுவரொட்டியக் கிழி!” என்று ஒரு குரல்.

“கிழிக்கப் போனேன். பச நல்லா காஞ்சுபோச்சு. காலையில தண்ணி ஊத்திக் கிழிக்கறேன்.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்கு நடுவே நஞ்சம்மாவின் குரல் மைக் இல்லாமலேயே எட்டியது: “நான் அப்பவே சொன்னேன்! என் மாவுக்கே அந்த ஆளு சத்தியம் பண்ணல, கவர்மெண்டுக்கா பண்ணுவாரு?”

மேரிராணி திரும்பிப் பார்த்தாள். ஜெபராஜ் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் தளும்பியது. “யாரு அவன கேக்கச் சொன்னது?” என்றார்.

“எனக்கென்ன தெரியும்?” என்று தொடங்கியவள், அந்த வீட்டில் அது செல்லாது என்று நினைத்து, “நான்தான்” என்றாள். அதற்குள் களி அடிபிடித்துவிட்டது. அன்று மூவரும் தீய்ந்த களியையே தின்றார்கள்.

சனிக்கிழமை பொழுது சாயும் வேளையில் ஐயர் வந்தார். கிழித்தது போக மிச்சமிருந்த சுவரொட்டித் துண்டுகளை வாசலில் நின்று சற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். இந்த முறை மோரைக் குடித்தார்.

“எத்தனை வருசமா அந்த மலைப்பிரசங்கத்தை நான் இங்க சொல்லிட்டு இருக்கேன். பாதிப் பேரு தூங்குவான். நேத்து மாதப்பன் ஒரு தடவை சொன்னான். ஊரே கேட்டுட்டு நிக்கு.” பெருமூச்சு விட்டார். “நாத்திகன் சாட்சிய நம்பி ஒருத்தரைத் திருவிருந்துல சேர்த்தேன்னு பேராயர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

“கேட்டா சொல்லுங்க, ஐயரே” என்றாள் மேரிராணி. “கேக்கலன்னா உட்டுடுங்க.”

ஐயர் அவளைப் பார்த்தார். பிறகு ஜெபராஜைப் பார்த்தார். “ரெண்டு பேருமா சேர்ந்து என்னைக் கொல்லுதீங்க” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பாமல், “பெண்ணோட மூணு பேரும் வந்து சேருங்க. நேரத்தோட” என்றார். கை வைத்துச் சொல்ல வேண்டிய வாக்கியத்தைப்பற்றி அவர் பேசவில்லை. ஜெபராஜ் எழுந்து நின்று கும்பிட்டார்.

*

ஞாயிறன்று ஆலயத்தில் இடம் போதவில்லை. வராதவர்களும் வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நஞ்சம்மாவும் நாலைந்து பெண்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேராயர் பிள்ளைகளின் தலையில் ஒவ்வொருவராகக் கை வைத்து ஜெபித்தார். பிறகு முதல் திருவிருந்துக்குப் பெற்றோரோடு அழைத்தார்.

ஜெபராஜ் நடுவில் முழங்கால்படியிட்டார். வலப்பக்கம் அருள்செல்வி, இடப்பக்கம் மேரிராணி. பேராயர் அப்பத்தட்டோடு வரிசையில் வந்தவர் ஜெபராஜின் முன் நின்றார். பின்னால் கிண்ணத்தோடு வந்த ஐயரின் முகம் வெளுத்தது.

“நீங்கதான் அந்த ஊராட்சித் தலைவரா?” என்று பேராயர் தணிந்த குரலில் கேட்டார்.

“ஆமாங்க.”

பேராயர் இன்னும் ஏதோ கேட்கப்போகிறவர்போல அவரையே பார்த்தார். இப்போது என்ன கேட்டாலும் இவர் உள்ளபடியே சொல்லிவிடுவார் என்று மேரிராணி நினைத்தாள். அது சரியாகவும் இருக்கலாம், எல்லாவற்றையும் கெடுத்தும்விடலாம். பேராயர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பத்தைப் பிட்டு, அதற்குரிய வார்த்தைகளைச் சொல்லி, நீட்டியிருந்த உள்ளங்கையில் வைத்தார்.

ஜெபராஜ் உண்டுவிட்டு அப்படியே இருந்தார். ஐயர் கொண்டுவந்த கிண்ணத்திலும் பருகினார். பிறகும் எழுந்திருக்கவில்லை. வரிசை முடிந்தது, அடுத்த வரிசை காத்து நின்றது, அவர் தோள்கள் குலுங்குவதை மேரிராணி பக்கவாட்டில் கண்டாள். அருள்செல்வி ஓரக்கண்ணால் தகப்பனைப் பார்த்தாள். அவர் எழும்போது எழ வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் எழவில்லை. ஆகவே பெண்ணும் எழவில்லை. பெண் எழாததால் தாயும் எழவில்லை. பேராயர் காத்திருந்தார். பாடற்குழு என்ன செய்வதென்று தெரியாமல் முடிந்த பாட்டையே மறுபடியும் முதலிலிருந்து எடுத்தது.